ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 15,600 ரூபாய். இஎஸ்ஐ, பி.எஃப். இரண்டும் பிடிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று சொல்லி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரம் மூன்று நாள், தனியார் மருத்துவமனையில். அந்த நாட்களுக்கெல்லாம் சம்பளம் பிடித்துவிடுகிறார்கள். இப்போது, "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், 50,000 ரூபாய் தருகிறோம்" என்று ஹெச்.ஆர். சொல்கிறார். குழுக் கடன் தவணையும் நிற்கிறது, வசூலுக்கு வருபவர்கள் ராத்திரி எட்டு மணிக்கும் வாசலில் நிற்கிறார்கள். கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாமா? மாற்றுத்திறனாளி சட்டம் எனக்கு உதவுமா?

பதில்: சகோதரி, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரமாகத் தெரிய வேண்டியது இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களை இனி விளக்கமாகச் சொல்கிறேன்.

ராஜினாமா என்றால் நீங்களே விருப்பப்பட்டு வேலையை விட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "சொந்தக் காரணங்களுக்காக" என்று ஒரு வரி எழுதிவிட்டால், உங்கள் நோய்க்கும் வேலை போனதற்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் இல்லாமல் போய்விடும். உங்களுக்குச் சேர வேண்டிய பல உரிமைகள் அந்தத் தொடர்பை வைத்துத்தான் கிடைக்கின்றன.

முதலில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. உங்கள் சம்பளத்தில் மாதம் 0.75 சதவீதம், அதாவது 117 ரூபாய் பிடிக்கிறார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. டிஸ்பென்சரி மாத்திரைக்கு மட்டும்தான் இந்தப் பணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு வருமானமும் அதிலிருந்தே வருகிறது. சாதாரண நோய்க்கால உதவித்தொகை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. உங்கள் கணக்கில் தினம் ஏறத்தாழ 420 ரூபாய்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை என்று பெயர். பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்களுக்கு, சராசரிக் கூலியில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருடம் வரை கொடுப்பார்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு வருடம் வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்த இரண்டு வருடத்தில் குறைந்தது 156 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். நான்கு வருடமாக வேலை பார்க்கும் உங்களுக்கு இந்தத் தகுதி இருக்கும். தினம் 480 ரூபாய் என்று வைத்தால், முழுக் காலமும் கிடைக்கும் பட்சத்தில் 730 நாளுக்கு 3,50,400 ரூபாய். உடம்பு வேலைக்கே போக முடியாத நிலைக்கு வந்தால் நீங்கள் நம்ப வேண்டிய பணம் இது. 50,000 ரூபாயைப் பற்றி முடிவெடுக்கும் முன் இந்தத் தொகையை மனதில் வையுங்கள்.

டயாலிசிஸையும் இஎஸ்ஐ வழியாகவே செய்துகொள்ளலாம். உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து இஎஸ்ஐ மருத்துவமனைக்கு, தேவைப்பட்டால் அவர்களோடு ஒப்பந்தத்தில் உள்ள மருத்துவமனைக்கு ரெஃபரல் வாங்க வேண்டும். கைக்காசு போடத் தேவையில்லை. தனியாரில் இதுவரை கட்டியதைத் திரும்ப வாங்குவது கடினம். அதற்காக அலைவதை விட, அடுத்த டயாலிசிஸையாவது இந்த வழிக்கு மாற்றப் பாருங்கள்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஆறு வேலை நாளில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போனால் மீதி மூன்று நாள்தான் வேலை. 26 வாரத்துக்கு அது சரியாக 78 நாள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலும் தகுதி கைநழுவும். அதனால் டயாலிசிஸ் மையத்தில் பேசி, ஒரு முறையை ஞாயிற்றுக்கிழமைக்கோ மாலை ஷிஃப்டுக்கோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அப்படி ஒரு நாள் மிச்சமானாலே அது 104 ஆகிவிடும். சம்பளத்தோடு கூடிய விடுப்பு மீதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், சம்பளம் தரப்படும் விடுப்பு நாளும் கணக்கில் சேரும்.

இன்னொரு சின்ன விதி உங்களுக்குச் சாதகமானது. நோய் விடுப்பின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் தர மாட்டார்கள். ஆனால் பணம் பெற்ற விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் அடுத்த விடுப்பு வந்தால் மறுபடி இரண்டு நாள் கழிக்கக் கூடாது. வாரத்துக்கு மூன்று முறை போகும் உங்களுக்கு இது நல்ல உதவி. ஒவ்வொரு டயாலிசிஸ் நாளுக்கும் இஎஸ்ஐ மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் இல்லாத நாள் கம்பெனி கணக்கில் வெறும் ஆப்சென்ட்தான்.

சரி, கம்பெனி உங்களை நீக்கலாமா? 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த இஎஸ்ஐ சட்டத்தின் 73-ஆவது பிரிவு, நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்திலும், நோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் காலத்திலும் தொழிலாளியை வேலை நீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது என்றது. அப்படிச் சிகிச்சையில் இருக்கும்போது கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது என்றும் அது சொன்னது. (2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இங்கே நான் சொல்வது அதற்கு முந்தைய பழைய சட்டத்தின்படி.) இந்தப் பாதுகாப்பு எல்லையில்லாதது அல்ல. நீண்ட மாதங்கள் தொடர்ந்து வர முடியாமல் போனால், பணி விதிகள் இடம் கொடுத்தால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விடுவிக்க அந்தச் சட்டத்தின் விதிமுறைகள் அனுமதித்தன. நீங்களோ இடையிடையே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் ஒரு பழைய வழக்கை அவசியம் சொல்ல வேண்டும். சென்னை பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளி ஒருவர் இஎஸ்ஐ மருத்துவச் சான்றிதழ் வைத்திருந்தார். ஆனாலும் எட்டு வேலை நாட்கள் தொடர்ந்து அனுமதியில்லாமல் வராவிட்டால் வேலையை விட்டதாகக் கருதலாம் என்ற நிலையாணைப்படி (ஆலையின் பணி விதிப்படி) ஆலை அவரை விலக்கியது. 73-ஆவது பிரிவு அவரைக் காப்பாற்றவில்லை. 1960-களில் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்தது. பின்னால் 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில், விசாரணையே நடத்தாமல் இப்படித் தானாக வேலை போனதாகச் சொல்வது இயற்கை நீதிக்கு எதிரானது என்று அதே நீதிமன்றம் சொன்னது. இன்று உங்கள் பக்கம் வலு கூடியிருக்கிறது. ஆனாலும் பழைய தீர்ப்பில் உள்ள எச்சரிக்கை மாறவில்லை: இஎஸ்ஐ-யிடம் சான்றிதழ் கொடுத்தால் மட்டும் போதாது, கம்பெனியிடம் தனியாக எழுத்தில் விடுப்புக் கேட்க வேண்டும்.

அதனால் இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் நோய், டயாலிசிஸ் நாட்கள், அந்த நாட்களுக்கு விடுப்புக் கோரிக்கை, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை கேட்பது, கடைசியாக "எனக்கு வேலையை விடும் எண்ணம் இல்லை" என்ற வரி. இவ்வளவு போதும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ஹெச்.ஆர். வாட்ஸ்அப்பில் ராஜினாமா கேட்டிருந்தால் அதை அழிக்காதீர்கள். ஒருவேளை வற்புறுத்தி ஏற்கெனவே கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால், தாமதிக்காமல் "கட்டாயப்படுத்தி வாங்கியது, திரும்பப் பெறுகிறேன்" என்று எழுத்தில் அனுப்பிவிட்டுத் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுங்கள். நாள் கடந்தால் சம்மதித்துப் போட்டதாகவே ஆகிவிடும். வேலை நீக்கம் என்றால், 2025 நவம்பர் வரை இருந்த பழைய தொழில் தகராறு சட்டப்படி, தொழிலாளர் அலுவலரிடம் சமரச மனு கொடுத்து 45 நாள் கடந்ததும் தொழிலாளியே நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று இருந்தது. நீக்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வரை அவகாசமும் அப்போது இருந்தது.

என்றாவது உண்மையிலேயே இந்த வேலையைச் செய்ய முடியாமல் போனால்? அப்போதும் ராஜினாமா வேண்டாம், உடல் இயலாமையால் பணி முடிவு என்று பதிவாக வேண்டும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருடச் சேவை வேண்டும் என்பது பொது விதி. நோயால் இயலாமை ஏற்பட்டுப் பணி முடிந்தால் அந்த ஐந்து வருட நிபந்தனை கிடையாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 13,000 என்று வைத்தால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க, வருடத்துக்கு 7,500. நான்கு வருடத்துக்கு 30,000 ரூபாய். ராஜினாமா செய்தால் அந்தப் பணத்துக்கு உங்களுக்கு உரிமையே வராது. பி.எஃப். ஓய்வூதியமும் அப்படித்தான். பத்து வருடம் ஆகாவிட்டாலும், பார்த்துவந்த வேலையை நிரந்தரமாக, முழுமையாகச் செய்ய முடியாதவர் என்று மருத்துவக் குழு சொன்னால் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் வேலையில் இருக்கும்போதே அந்த இயலாமை வந்திருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் எல்லாம் உண்டு, சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் மாற்று வேலை தர வேண்டும் என்ற 20-ஆவது பிரிவின் பாதுகாப்பும் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். இந்தப் பட்டியல் விரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இன்றைக்கு இதை நம்பி நீங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கடன் விஷயம். உங்கள் குழுக் கடன் போன்ற நுண்கடனுக்கான ரிசர்வ் வங்கியின் 2022 வழிகாட்டுதல்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொடர்புகொள்ளக் கூடாது. திட்டுவது, உறவினரையோ கூட வேலை பார்ப்பவரையோ தொந்தரவு செய்வது, பெயரை வெளியில் சொல்லி அவமானப்படுத்துவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. எட்டு மணிக்கு வந்தவரின் பெயர், தேதி, நேரம் குறித்துவைத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அதிலேயே மருத்துவ அறிக்கையை இணைத்துத் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தரும்படி கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். கடன் கொடுக்கும்போது காப்பீட்டுக்கென்று ஏதாவது பிடித்தார்களா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்திருந்தால் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, தீவிர நோய்க்கு அதில் இழப்பீடு உண்டா என்று பாருங்கள்.

வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லையே என்று தயங்க வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நீங்கள் இரண்டிலும் வருகிறீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் பேசலாம். போகும்போது சம்பளச் சீட்டுகள், இஎஸ்ஐ அட்டை, டயாலிசிஸ் பதிவுகள், கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், ஒப்புகை அட்டை ஆகியவற்றை எடுத்துப் போங்கள்.