ஒத்திகை இல்லாத மேடைக்கு வாசிப்பது: கேள்வி பதில்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மாதம் ஒரு நாள், கூட்டத்தில் யாராவது ஒரு சொல் கொடுப்பார்கள். அதை வைத்து அங்கேயே நாடகம், காமெடி, பாட்டு எல்லாம். கீபோர்டும் ஆர்மோனியமும் என் பொறுப்பு. வந்த கேள்விகளில் சில.

அண்ணே, என்ன நடக்கப்போகுதுன்னே தெரியாம எதை வாசிப்பீங்க? (குன்னூர்)

ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள், ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் தெரியும். ஆனால் பபூனும் டான்ஸ்காரம்மாவும் என்ன தர்க்கம் பண்ணுவார்கள் என்பது அன்றைய ராத்திரிக்குத்தான் தெரியும். வத்தலக்குண்டுப் பக்கம் என் மாமா அதற்கு ஆர்மோனியம் வாசித்தவர். "வாயைப் பாக்காதடா, கழுத்தைப் பாரு. மூச்சை இழுத்தான்னா பாட்டு வருது" என்பார். இன்றைக்கும் நான் பார்ப்பது கழுத்தைத்தான். சிகாகோவில் 1959-ல் தொடங்கிய செகண்ட் சிட்டி என்ற ஒத்திகையில்லாக் காமெடிக் குழுவிலும் பியானோக்காரர் குழுவில் ஒரு ஆள்தான், ஓரத்தில் உட்காரும் கூலி ஆள் இல்லை.

எங்க டீம்ல ஒருத்தருக்குச் சுருதியே நிக்காது. (பண்ணைக்காடு)

அவரை உங்கள் கட்டைக்கு, அதாவது உங்கள் சுருதி அளவுக்கு, இழுக்காதீர்கள். பேசும்போது குரல் எங்கே நிற்கிறதோ அங்கே 'ச' வையுங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் அதற்குத்தான். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நாலே கார்டு (சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டு) சுற்றட்டும். முதல் சுற்றைச் சும்மா வாசித்து விடுங்கள், அவர் வரி யோசிக்க நேரம் கிடைக்கும். கூட்டம் கொடுத்த சொல்லே பல்லவி. கடைசி வரியில் 'ப'வில் தொங்கவிட்டு 'ச'வுக்கு இறங்கினால் முடிக்கச் சொல்கிறீர்கள் என்று அவருக்கே புரியும்.

ஜோக்குக்கு ஜோக்கு ஒரு 'டமார்' போடலாமா?

வேண்டாம். சிரிப்பு வரும் இடத்தில் சத்தம் போட்டால் சிரிப்பு அமுங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

ஊட்டிக் குளிர்ல புல்லாங்குழல் கீபோர்டோட ஒட்டவே மாட்டேங்குது சார்.

ஒட்டாது. 30 டிகிரியில் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 10 டிகிரியில் 337தான். வேகம் குறைந்தால் குழலின் சுருதியும் இறங்கும், கீபோர்டு இறங்காது. ஊதாமல் வைத்த குழல் கால் கட்டைக்கு மேல் இறங்கி நிற்கும். ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள், முறை வருவதற்கு முன்னால் சத்தம் வராமல் வெறும் மூச்சை உள்ளே விடுங்கள். மிருதங்கம் வேறு கதை. பனி ஈரம் குடித்து வார் தொய்ந்துவிடும். பறை மாதிரி நெருப்பில் காட்டவும் முடியாது. அரை மணி முன்பே அரங்கத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் சுருதி சேருங்கள்.

காட்சி இழுத்துக்கிட்டே போனா?

பெரிய சிரிப்பு ஒன்று விழுந்ததும் முடிவு டியூனை ஆரம்பித்துவிடுங்கள். நடிகர்கள் முதலில் முறைப்பார்கள், அப்புறம் டீ வாங்கித் தருவார்கள்.

கீபோர்டு இருக்கே, ஆர்மோனியம் எதுக்கு? (கோத்தகிரி)

போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணக் காட்சி நடுவில் கரண்ட் போய்விட்டது. மாப்பிள்ளையாக நின்றவர் "யாரோ சாபம் விட்டுட்டாங்க" என்று இருட்டில் கத்தினார். நான் துழாவி ஆர்மோனியத் துருத்தியைத் திறந்து முகாரியில் இரண்டு வரி வாசித்தேன். அடுத்த இருபது நிமிடம் செல்போன் வெளிச்சத்தில் அந்தச் சாபம்தான் கதை. 1940-லிருந்து 1971 வரை ஆல் இந்தியா ரேடியோ தன் நிகழ்ச்சிகளில் சேர்க்காமல் தள்ளிவைத்திருந்த ஆர்மோனியப் பெட்டிதான் அன்றைக்குக் காப்பாற்றியது. கரண்ட் வந்தபோது, லைட்டை அணைக்கச் சொல்லிக் கூட்டமே கத்தியது.