எல்லா வேட்பாளரும் மோசம் என்றால் நோட்டாவுக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் தொகுதியில் நிற்கும் ஒருவரையும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் இதே கதைதான். நோட்டாவுக்குப் போட்டால் ஏதாவது பயன் உண்டா?

தாராளமாகப் போடலாம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அதனால் யாரும் தோற்க மாட்டார்கள். நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அடுத்து அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்எல்ஏ, எம்பி. வேட்பாளர் கட்டிய டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கத் தேவையான ஆறில் ஒரு பங்கு ஓட்டைக் கணக்கிடும்போதும் நோட்டா ஓட்டைச் சேர்ப்பதில்லை. 2024-ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். அந்தக் கட்சியே நோட்டாவுக்குப் போடச் சொன்னது. 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேல் விழுந்து இரண்டாம் இடமும் வந்தது. பாஜக வேட்பாளர் 10 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் போனார்.

நோட்டாவால் உண்மையில் கிடைத்தது ரகசியம். அதற்கு முன்பு 49-ஓ என்று ஒரு விதி இருந்தது. யாருக்கும் ஓட்டில்லை என்று பூத் அதிகாரியிடம் சொல்லி, ஏஜென்ட்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அப்புறம் நிம்மதியாக இருக்க முடியுமா? 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மெஷினில் தனிப் பொத்தான் வந்தது.

என் எரிச்சலெல்லாம் பொத்தானுக்கு முந்தைய கட்டத்தின் மேல்தான். சீட்டு யாருக்கு என்று முடிவாகும் இடத்தில் நமக்கு வேலையே இல்லை. நம்மை விடுங்கள், இருபது வருடம் கொடி பிடித்த கட்சிக்காரருக்கே பெரும்பாலும் இல்லை. விருப்ப மனு, அதற்குக் கட்டணம், நேர்காணல் எல்லாம் நடக்கும். பட்டியல் மட்டும் தலைமையிடமிருந்து வரும். செலவு செய்ய முடியுமா, சாதி ஓட்டு எவ்வளவு, மாவட்டச் செயலாளர் யாருடைய ஆள் என்பவைதான் அங்கே பேசப்படும் என்பது ஊரறிந்த ரகசியம். இப்படி வடிகட்டிய பிறகு நம் முன்னால் வைத்து 'தேர்ந்தெடு' என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கட்டத்திலும் ஒரு சின்னப் பிடி இருக்கிறது. குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவரை நிறுத்தினால், ஏன் அவரை நிறுத்தினோம், வழக்கில்லாத வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சி எழுத்தில் காரணம் வெளியிட வேண்டும். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இது. 'ஜெயிக்கக்கூடியவர்' என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது. பீகார் தேர்தலில் இதைச் சரியாகப் பின்பற்றாததற்காக 2021-ல் பாஜக, காங்கிரஸ் உட்படப் பல கட்சிகளுக்கு அபராதமும் விதித்தது. சிலவற்றுக்கு 1 லட்சம், சிலவற்றுக்கு 5 லட்சம். கட்சிகளுக்கு அது டீ செலவு, சரி. ஆனாலும் அந்தக் காரணத்தைக் கட்சியின் இணையதளத்திலும் செய்தித்தாளிலும் போட்டாக வேண்டும். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு விவரம் அடங்கிய பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும்.

அதனால் என் யோசனை இதுதான்: நோட்டாவுக்குப் போடுவதென்று முடிவு செய்திருந்தாலும், அந்த இரண்டையும் முதலில் படித்துவிடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற உள்ளூர்க் கட்சிக்காரரிடம் 'வேறு ஆளே கிடைக்கவில்லையா?' என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் மழுப்புவார். ஆனால் எந்தத் தெருவில் என்ன கேட்டார்கள் என்பதைக் கட்சி ஆபீஸில் போய்ச் சொல்லாமல் இருக்க மாட்டார்.