கிடாய் விடும் முன் செம்மறிக்கு என்ன தீவனம், எத்தனை நாள்?

மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) 40 மேச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறேன். ஆடியில் கிடாய் விடுவது வழக்கம். போன வருடம் பத்துப் பன்னிரண்டு ஆடுகளுக்குச் சினை தங்கவில்லை. கிடாய் விடும் முன் மக்காச்சோளம் போட்டால் இரட்டைக் குட்டி போடும் என்கிறார்கள். எவ்வளவு, எத்தனை நாள் போடட்டும்?"

இரட்டைக் குட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டி போடும் இனம். ஒரு மாதத் தீவனத்தால் அந்தக் குணம் பெரிதாக மாறாது. சினை பிடிக்காமல் வெறும் ஆடாக நிற்பவை குறைவதும், குட்டிகள் ஒரே சமயத்தில் விழுவதும்தான் இதில் கிடைக்கும் லாபம். உங்கள் பட்டிக்கு அதுவே பெரிய காரியம்.

ஆடியில் சேர்த்தால் மார்கழியில் குட்டி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல் அப்போது காட்டில் இருக்கும், தாய்க்குப் பாலும் இருக்கும். கணக்கு சரிதான். சிக்கல் ஆனி மாதத்தில் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெறும் தாளாக நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மிச்ச ஈரத்தையும் வாங்கிவிடும். ஆடு நாளெல்லாம் மேய்ந்தும் உடம்பு இறங்கிக்கொண்டே வரும். இறங்குகிற உடம்பில் கருமுட்டை சரியாக முதிராது, பருவமும் தள்ளிப் போகும். அந்த நேரத்தில் உடம்பு ஏறுமுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கூடுதல் தீவனம்.

அதனால் 40 ஆடுகளுக்கும் ஒரே மாதிரி போட வேண்டாம். ஆனி பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஆட்டையும் பிடித்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இடுப்புப் பகுதியில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முதுகெலும்பும் பக்கவாட்டு எலும்பு முனைகளும் மடக்கிய கை முட்டிகளைப் போலத் துருத்திக்கொண்டிருந்தால் அது மெலிந்த ஆடு. எலும்பு தெரிந்தும் முனை மழுங்கி, அழுத்தினால்தான் தட்டுப்பட்டால் நடுத்தரம். எலும்பே தட்டுப்படாமல் கொழுப்பு மூடியிருந்தால் அந்த ஆட்டுக்கு ஒரு பிடி கூடப் போடாதீர்கள். கொழுத்த ஆட்டுக்குக் கூடுதல் தீவனம் பலன் தராது, காசுதான் வீண். பார்வையை நம்ப வேண்டாம், வயிறு உப்பியிருக்கும் ஆடு கொழுத்த மாதிரி ஏமாற்றும். பால் குடிக்கும் குட்டி இன்னும் கூடவே இருந்தால் தாய் தேறாது. மூன்று மாதமான குட்டியைப் பிரித்துவிடுங்கள்.

மெலிந்தவை, நடுத்தரமானவை என்று 25 ஆடுகள் தேறுகின்றன என வைத்துக்கொள்வோம். கிடாய் விடுவதற்கு மூன்று வாரம் முன்பு தொடங்கி, ஆட்டுக்கு நாளொன்றுக்கு 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். 100 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 50 கிலோ, கடலைப்புண்ணாக்கு 20, தவிடு 27, தாது உப்புக் கலவை 2, கல்லுப்பு 1. மக்காச்சோளம் மட்டும் போட்டால் புரதம் போதாது. முதல் நாளே முழு அளவைக் கொட்டினால் வயிறு புளித்து ஆடு படுத்துவிடும். 50 கிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றுங்கள், காலை மாலை எனப் பிரித்துப் போடுங்கள். தீவனத் தொட்டியில் ஆட்டுக்கு ஓர் அடி இடமாவது வேண்டும். இல்லாவிட்டால் முரட்டு ஆடுகள் முட்டித் தள்ளித் தின்றுவிடும், யாருக்காகப் போட்டீர்களோ அது ஓரமாக நிற்கும். சித்திரை, வைகாசியில் உதிர்ந்த வெள்வேலங்காயைச் சேர்த்து வைத்திருந்தால் இப்போது போடுங்கள். வேலிமசால், அகத்தி இருந்தாலும் நல்லது. சூபாபுல் தழை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

குடற்புழு மருந்தை தீவனம் தொடங்கும்போதே, கிடாய் விடும் முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். சேர்ந்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் கரு ஊனமாகலாம், கலையலாம்.

நம் பக்கத்தில் பலரும் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்தான். கிடாய் ஏறியதும் வேலை முடிந்தது என்று தீவனத்தை நிறுத்திவிடுகிறார்கள். கரு உருவானவுடன் கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்வதில்லை. மூன்றாவது வாரத்தில்தான் ஒட்டத் தொடங்குகிறது. அதுவரை அது மிதந்துகொண்டிருக்கும் உயிர். அந்த நாட்களில் தீவனம் சட்டென்று நின்றாலோ, வெயிலில் தூரமாக ஓட்டினாலோ, வண்டியில் ஏற்றினாலோ கரு சத்தமில்லாமல் போய்விடும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் ஆடு மறுபடி பருவத்துக்கு வந்தது மட்டும்தான். சேர்ந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அதே 250 கிராம் தொடரட்டும், பிறகு ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். கூட்டவும் வேண்டாம், அந்தச் சமயத்தில் அளவு மீறிப் போட்டால் சினையைக் காக்கும் ஹார்மோன் ரத்தத்தில் குறைந்துவிடும்.

கிடாயையும் பாருங்கள். விந்து உருவாகி முதிர ஏறக்குறைய ஏழு வாரம் ஆகிறது, ஆகவே ஆடிக்கான கிடாயை வைகாசியிலேயே கவனித்தாக வேண்டும். 25, 30 ஆடுகளுக்கு ஒரு கிடாய் என்பது அளவு. உங்களுக்கு இரண்டு வேண்டும். மாடுகளுக்குப் போடும் பருத்திக்கொட்டையைத் தினமும் நிறையக் கிடாய்க்குப் போடாதீர்கள், அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் விந்தைக் கெடுக்கும். விடுவதற்கு முன் ஒரு மாதம் கண்ணிலும் வாசனையிலும் படாத இடத்தில் கட்டி வைத்தால், திடீரென்று விடும்போது பல ஆடுகள் ஒருசேரப் பருவத்துக்கு வரும்.

கிடாயின் நெஞ்சில் கடலை எண்ணெயில் குழைத்த காவியைப் பூசிவிடுங்கள். ஏறிய ஆட்டின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். சினை தங்காத ஆடு சுமார் 17 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும், அதனால் 17 நாளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றுங்கள். பெரும்பாலான ஆடுகளில் இரண்டாவது நிறமும் விழுந்தால் கிடாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்றிரண்டு ஆடுகளில் மட்டும், உடம்பு நன்றாக இருந்தும் மூன்றாவது நிறம் விழுந்தால், அவற்றைக் கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டிவிடுங்கள்.