ஃபெல்லோஷிப் சேரும் முன் அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நாள் நின்று பாருங்கள்

கேள்வி: எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. வயது 31, கைக்குழந்தை இருக்கிறது. சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புக்கான நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியும் சர்ஜிக்கல் காஸ்ட்ரோ (வயிறு, குடல், கல்லீரல் அறுவை சிகிச்சை) கிடைக்கவில்லை. கோவில்பட்டி பக்கம் மாமனார் நடத்தும் 20 படுக்கை மருத்துவமனையை நாளைக்கு நான்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை எழுதவா, சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு ஆபரேஷன் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஃபெல்லோஷிப் (பட்டத்துக்குப் பிந்தைய தனிப் பயிற்சி) செய்யவா? சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு வருட ஃபெல்லோஷிப்புக்கு உடனே வந்து சேரச் சொல்கிறது.

பதில்: கோவில்பட்டிதான் என்பது உறுதி என்றால் மூன்றாவது முறை எழுத வேண்டாம். எம்.சிஎச். என்கிற அந்த சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டம் மூன்று வருடம், அதற்கு முன் படிப்புக்கு ஒரு வருடம், இடம் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. உங்கள் 20 படுக்கைக்கு வரப்போவது பித்தப்பைக் கல், ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கும் குடல் ஓட்டை. இதற்கு வேண்டியது கைப்பழக்கம். ஆனால் என்றைக்காவது மெடிக்கல் காலேஜில் சர்ஜிக்கல் காஸ்ட்ரோ துறையில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்ற ஆசை மனதின் ஓரத்தில் இருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், அதற்கு எம்.சிஎச். அல்லது அதற்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் டிஆர்.என்.பி. பட்டம் வேண்டும், ஃபெல்லோஷிப்பை வைத்து அந்த வேலைக்குப் போக முடியாது.

சரி, ஃபெல்லோஷிப்புக்கு வருவோம். இந்த ஒரு சொல்லை நம் ஊரில் எதற்கெல்லாமோ ஒட்டி வைத்திருக்கிறார்கள். தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.என்.பி. இரண்டு வருடம், உள்ளே போக ஒரு நுழைவுத் தேர்வு, வெளியே வர ஒரு தேர்வு. மினிமல் ஆக்சஸ் சர்ஜரிக்கு (லேப்ராஸ்கோப்பி இதில்தான் வரும்) அதில் தனிப் பிரிவே உண்டு, ஜெனரல் சர்ஜரி முடித்தவர்கள் சேரலாம். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய போதனா மருத்துவமனைகள் தங்கள் பெயரிலேயே முதுநிலைக்குப் பிந்தைய ஃபெல்லோஷிப்கள் தருகின்றன. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் எல்லாம் அவர்களுடையதுதான், வெளியிலிருந்து யாரும் வந்து பார்ப்பதில்லை. இது போக லேப்ராஸ்கோப்பி சர்ஜன்களின் அமாசி சங்கம் தரும் எஃப்.எம்.ஏ.எஸ். ஃபெல்லோஷிப் இருக்கிறது, சில நாள் பயிற்சி, கடைசியில் ஒரு தேர்வு. அடிப்படை கற்க நல்லது, போய் வாருங்கள், ஆனால் இரண்டு வருடப் பயிற்சியோடு அதைத் தராசில் வைக்காதீர்கள். நோயாளிக்கு என்னவோ போர்டில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் சான்றிதழைவிட அங்கே உங்கள் கைக்கு என்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். நான் சேர்ந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) முதல் ஆறு மாதம் கேமரா மட்டும்தான் பிடித்தேன். முனை முப்பது டிகிரி சாய்ந்த ஸ்கோப்பை (கேமராக் குழாயை) சுழற்றிச் சுழற்றி அடுத்தவர் ஆபரேஷனை அழகாகக் காட்டுவதில் நான் கெட்டிக்காரன் ஆனேன், ஒரு பித்தப்பையைக்கூட எடுக்கவில்லை. கேமரா பிடிப்பது வீண் என்று சொல்லமாட்டேன், கண்ணுக்கு அது பெரிய பயிற்சி, ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் அதில் கற்க ஒன்றும் இல்லை. நல்ல யூனிட்டில் ஒரு ஆபரேஷனைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருவார்கள். முதலில் போர்ட் (கருவிகள் நுழையும் துளை) போடுவது, அடுத்து கல்லீரல் படுக்கையிலிருந்து பித்தப்பையைப் பிரிப்பது, கடைசியாகத்தான் காலோ முக்கோணம், அதாவது பித்தப்பையின் நாளமும் ரத்தக்குழாயும் இருக்கும் ஆபத்தான இடம். கொழுப்பை எல்லாம் விலக்கி, பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலிலிருந்து பிரித்து, உள்ளே போவது இரண்டே குழாய்கள்தான் என்று கண்ணால் பார்த்த பிறகே, அவற்றை வெட்டும் முன் அடைக்கும் கிளிப்பை வைக்கவிடுவார்கள். ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் 1995இல் ‘கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி’ என்று பெயர் வைத்த அந்தக் காட்சி வரும்வரை கிளிப்பைக் கையில் தராத சீஃப் கிடைத்தால் விடாதீர்கள். டாக்டர் உத்வாடியா 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுப்பதை இந்தியாவில் தொடங்கியபோது சொல்லித்தர ஆள் இல்லை. எங்கள் சீனியர்கள் பலர் சனி ஞாயிறு பயிலரங்குகளில் பார்த்துவிட்டுத் திங்கள்கிழமை செய்தவர்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே பித்தநாளக் காயங்கள் கூடின.

சென்னைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் முன் ஒரு நாள் லீவு போட்டு, அவர்கள் அனுமதியோடு அந்தத் தியேட்டரில் போய் நில்லுங்கள். அதே யூனிட்டில் டிஆர்.என்.பி. மாணவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் கேஸ் அவர்களுக்குத்தான் முதலில் போகும், ஃபெல்லோவுக்கு மிச்சம் மீதி. இன்னொன்று, கையிலிருந்து பணம் கட்டி வருகிற நோயாளி ஒரு குறிப்பிட்ட டாக்டரின் பெயருக்காக வருகிறார், அங்கே உங்களை யாரும் கத்தி பிடிக்கவிட மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பொது வார்டும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட நோயாளிகளும் நிறைய உள்ள இடத்தில், சீனியர் பக்கத்தில் நிற்க, பயிற்சிக்கு வாய்ப்பு அதிகம். தற்போதைய ஃபெல்லோவிடம் கேட்டால் கேன்டீனில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்பார். போன வருடம் முடித்துப் போனவரின் நம்பர் வாங்குங்கள். ‘ஸ்கின் டு ஸ்கின் எத்தனை கோலி செய்தீர்கள், லாக் புக்கைக் காட்ட முடியுமா’ என்று கேளுங்கள், அதாவது முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை தானே எடுத்த பித்தப்பைகள் எத்தனை, செய்த ஆபரேஷன்களைக் குறித்த ஏடு எங்கே என்று. பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எண்ணிக்கையாகக் கூட்டிச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

என் யோசனை: எஃப்.என்.பி. தேர்வை எழுதுங்கள், நல்ல இடம் வந்தால் இரண்டு வருடமும் அங்கேயே. வராவிட்டால், மேலே சொன்னபடி விசாரித்துத் தேறிய ஒரு வருட இடம் போதும். எங்கே போனாலும் உள்ளே வைத்துத் தையல் போடவும், முடியாதபோது தயங்காமல் ஓபனுக்கு (வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு) மாறவும் கற்றுக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் ராத்திரி ஒரு மணிக்கு உதவிக்குக் கூப்பிட சீனியர் யாரும் இருக்கமாட்டார்கள். குழந்தை தூங்கிய பிறகு வீட்டில் ஒரு பெட்டி டிரெய்னர் (கருவிகளை உள்ளே விட்டுப் பழகும் பெட்டி), உள்ளே பழைய போனை கேமராவாக வைத்துக்கொண்டு தினம் அரைமணி நேரம் முடிச்சுப் போடுங்கள்.

வெளிநாட்டு டாக்டர்கள் இங்கிலாந்தில் சில காலம் பயிற்சி பெறும் எம்.டி.ஐ. திட்டம் வழியாகப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். அதிகபட்சம் 24 மாதம், வெளிநாட்டு டாக்டர்கள் அங்கே பதிவு பெற எழுதும் பிளாப் தேர்வு தேவையில்லை, ஆங்கிலத் தேர்வு உண்டு, முடிந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும். நல்ல அனுபவம்தான், உங்கள் நிலைமையில் கைக்குழந்தையோடு அந்த அலைச்சல் அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேர்க்கைக் கடிதத்தில் மூன்று இடங்களை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மாத உதவித்தொகை எவ்வளவு, நடுவில் விலகினால் என்ன தண்டம், ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா. கடைசியாகச் சொன்னதற்கு ‘ஆமாம்’ என்றால் சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருமாறு கேளுங்கள், மறுத்தால் வேறு இடம் பாருங்கள். முதுநிலைக்கு அரசிடம் எழுதிக் கொடுத்த பாண்ட் (கட்டாயப் பணி ஒப்பந்தம்) ஏதாவது இருந்தால் அது முடிந்துவிட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவில்லை.