ரசீதுப் புத்தகத்தை மேசையில் வைத்த அம்மா

(கோலாலம்பூரில் ஒரு பெரிய டயாலிசிஸ் அறநிறுவனத்தை 19 ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவர், பொதுப்பணியில் இருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எங்கள் அறநிறுவனத்தில் 140 பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். நான் தலைமை நிர்வாகி ஆகி எட்டு மாதம். இதே அளவுள்ள சில அமைப்புகளின் நிர்வாகிகள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். டத்தோ பட்டம் வாங்கிய எங்கள் தலைவருக்கு இஷ்டமில்லை. "நம்ம விஷயத்தைக் கறந்துகிட்டு, நன்கொடையாளர்களையும் தட்டிக்கிட்டுப் போயிடுவாங்க" என்கிறார். போகலாமா, அம்மா?
– கிள்ளான் வாசகர்

போங்கள் தம்பி. டத்தோவின் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் அப்படி முதலில் போன கூட்டம் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. ஆறு பேர். முதல் ஒரு மணி நேரம் ஆளாளுக்குச் சொந்தப் பெருமை பாடினோம். ஒருவர் மடிக்கணினியையே திறந்துவிட்டார். ரசம் கொட்டிவிடுமோ என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் காட்டிய படம் ஒன்றும் மனதில் ஏறவில்லை. அடுத்த மாதம் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது முதியோர் இல்லங்கள் நடத்தும் ஓர் அம்மா, கைப்பையிலிருந்து இரண்டு ரசீதுப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டிலும் ஒரே எண்கள். ஒன்று அவர்கள் அச்சடித்தது. இன்னொன்று அவர்களுடைய தொண்டர் ஒருவர் தானே அச்சடித்து, பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வசூல் செய்தது. "எங்க கமிட்டிக்குக்கூட இன்னும் சொல்லலை. சொன்னா யார் ஆளுன்னு சண்டை வரும், புத்தகத்தை மறந்துடுவாங்க. அதான் உங்ககிட்ட கேட்கிறேன்" என்றார். மோர் மிளகாயைக் கடித்த வாய் கடித்தபடியே நின்றது எனக்கு.

ஏனென்றால் அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்களிடமும் ஒரு ரசீதுப் புத்தகம் காணாமல் போயிருந்தது. பதிவேட்டில் "தொலைந்தது" என்று எழுதி நானே மூடி வைத்தேன். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வாங்கிய அமைப்பின் ரசீதைக் காட்டித்தான் கொடுத்தவர் வரிக்கழிவு கேட்கிறார். கள்ள ரசீது ஒன்று வரி வாரியத்தின் கையில் சிக்கினால் முதல் கடிதம் திருடனுக்குப் போகாது, நமக்குத்தான் வரும். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேறு வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் நான் மூடி வைத்தேன் என்று அந்த மேசையில் சொன்னேன். அப்புறம் மடிக்கணினிக்காரரும் வாயைத் திறந்தார். அவர் கதை எங்கள் இரண்டையும்விட மோசம்.

அன்று எழும்போது மணி நாலரை. அதற்குள் சில விதிகளை முடிவு செய்திருந்தோம். அச்சகத்துக்கு ஆர்டர் போக இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் வசூல் பிரிவில் இருக்கக்கூடாது. யாரிடம் எந்த எண் புத்தகம் இருக்கிறது என்று தனி ஏடு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுதியதும் எழுதாததும் அலுவலகம் திரும்பிவிட வேண்டும். ரசீதின் அடியில் ஒரு வாட்ஸ்அப் எண், சந்தேகம் இருந்தால் கொடுத்தவரே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த மாதத்துக்குள் ஆறு அமைப்பிலும் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்த ஆலோசகரும் இதை எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இப்போது டத்தோவின் பயம். நன்கொடையாளர் பட்டியலும் நோயாளிகளின் பெயரும் அந்த மேசைக்கு வரவே கூடாது. விலையை வெளியில் சொல்லமாட்டேன் என்று சப்ளையரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் விழுங்கிவிடுங்கள். மற்றதற்கு லண்டனில் சாட்டம் ஹவுஸ் என்ற ஆய்வு மையத்தில் 1927-இல் உண்டான விதி போதும்: கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று வெளியே சொல்லக்கூடாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட நிர்வாகிகளுக்கென்றே 1987-இலிருந்து அக்கேவோ என்று ஒரு சங்கம் இருக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், ஆறேழு பேர் போதும். ஆனால் நீங்களே போக வேண்டும். துணை நிர்வாகியை அனுப்பினால், தன் முதலாளியின் தப்பை அவர் எப்படிச் சொல்வார்?

வேறொரு அமைப்பின் நல்ல நடைமுறை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து எங்கள் ஆட்களிடம் கொடுத்தேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை. என்ன தப்பு?
– பூச்சோங் வாசகி

நீங்கள் வாங்கி வந்தது காகிதம். நானும் அதைத்தான் செய்தேன். இன்னொரு டயாலிசிஸ் மையத்திலிருந்து நோயாளி அட்டை ஒன்றை வாங்கி வந்தேன். உலர் எடை (உடம்பில் தேங்கிய நீர் போன பிறகு உள்ள எடை), ஊசி போடும் இடம், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்தின் அளவு, இரத்தம் வழி தொற்றும் ஹெப்படைட்டிஸ் பி, சி கல்லீரல் நோய்களுக்கான சோதனை முடிவுகள் எல்லாம் ஒரே பக்கம். நோயாளி பர்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம். எங்கள் தாதியர் பார்த்தார்கள், "இன்னொரு எழுத்து வேலையா?" என்றார்கள், அட்டைக் கட்டு இழுப்பறைக்குள் போய்விட்டது.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்புக்குள் வெள்ளம் வந்த நாள். எங்கள் நோயாளிகள் சிலர் மாடியில் மாட்டிக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டியவர்கள். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறும். மாதாந்தரக் கூட்டத்து நண்பர்களுக்கு ஃபோன் போட்டேன், மூன்று மையங்கள் நாற்காலி தருகிறோம் என்றன. ஆனால் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "ஹெப்படைட்டிஸ் பி இருக்கா?" அது இருப்பவருக்குத் தனி இயந்திரம் வேண்டும். பதில் இருந்த கணினியோ தண்ணீருக்குள். சனிக்கிழமை முறை தவறிய ஒரு பெரியவருக்குத் திங்கள் மாலைதான் நாற்காலி கிடைத்தது. அவர் நிவாரண மண்டபத்தில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு, அட்டை தந்த மையத்தின் தலைமைத் தாதியை, நிர்வாகியை இல்லை, தாதியை, எங்கள் இடத்துக்கு வரவழைத்தேன். எங்கள் தாதியரோடு அரை நாள் நின்று அவரே அட்டை எழுதிக் காட்டினார். நிரப்ப நான்கு நிமிடம்தான் ஆகிறது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. நிர்வாகிகள் சந்திப்பது கதவைத் திறக்கத்தான். உள்ளே போக வேண்டியது வேலை செய்கிறவர்கள்.

நிர்வாகிகள் ஒருவருக்கொருவர் சம்பளத்தைச் சொல்லிக்கொள்ளலாமா?
– பினாங்கு வாசகர்

சொல்லிக்கொள்ளுங்கள். 2005 ஜூலையில் சிங்கப்பூர் தேசிய சிறுநீரக அறநிறுவன வழக்கு நினைவிருக்கும். அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் என்று எழுதிய பத்திரிகை மீது தலைமை நிர்வாகி டி.டி.துரை தொடுத்த அவதூறு வழக்கில், ஆண்டுக்கு ஆறு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி ஊதியமும் நீதிமன்றத்தில் வெளியே வந்தது. இரண்டே நாளில் வழக்கை வாபஸ் வாங்கினார், அதே வாரம் அவரும் நிர்வாகக் குழுவும் விலகினார்கள். அது வேறு நாடு, வேறு அமைப்பு. ஆனாலும் எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் ஃபோன் செய்து, "உங்க பாத்ரூம் குழாய் என்ன கலரு?" என்று கேட்டார். பிளாஸ்டிக், அதுவும் ஒழுகுகிறது என்றேன். நாம் வாங்குவது அதிகமா குறைவா என்று நிர்வாகக் குழு கேட்கும்போது, இதே அளவுள்ள ஐந்து அமைப்புகளின் தொகை கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இப்படிக் கூடும்போது சாப்பாட்டுச் செலவு யார் கணக்கில்?
– செந்தூல் வாசகர்

அவரவர் பையிலிருந்து. அறநிறுவனக் கணக்கில் ஒரு வெள்ளிகூட எழுதாதீர்கள். எங்கள் ஆறு பேரில் ஒருவர் மட்டும் எப்போதும் மீன் தலைக் கறி வாங்குவார், பில்லை மட்டும் சமமாகப் பிரிக்கச் சொல்வார். பத்து வருடம் பொறுத்துக்கொண்டோம்.