அடித்தால் மறந்துவிடுவானா?

கேள்வி: என் 4 வயது மகன் கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறான். ஒரு அடி வைத்தால் அப்போதைக்கு அடங்குகிறான், மறுநாள் அதே கதை. பரிசும் தண்டனையும்தான் நடத்தையை மாற்றும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னதாகப் படித்தேன். அப்படியானால் இவன் ஏன் மாறவில்லை?

பதில்: பரிசைத்தான் அவர் நம்பினார், தண்டனையை அல்ல. 1938-ல் அவர் எழுதிய எலிச் சோதனையைப் பாருங்கள். லிவரை (நெம்புகோலை) அழுத்தினால் தீனி கிடைக்கும் என்று பழகிய எலிகள் அவை. தீனி நின்றுபோன பிறகும் அதை அழுத்திக்கொண்டிருந்த எலிகளில் சிலவற்றின் பாதத்தில், ஆரம்பத்தில் கொஞ்ச நேரம், அந்த லிவரே திருப்பித் தட்டியது. உடனே அடங்கின. தட்டுவது நின்றதும் மறுபடி அழுத்த ஆரம்பித்து, கடைசியில் அடிபடாத எலிகள் எத்தனை முறை அழுத்தினவோ ஏறக்குறைய அத்தனை முறை இவையும் அழுத்திவிட்டன! உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான்.

ஆனால் எறிவதை அவன் எங்கே கற்றான்? அதற்கு இன்னொரு உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுராவிடம் போக வேண்டும். தள்ளினாலும் நிமிர்ந்து நிற்கும் காற்றடைத்த பொம்மையை ஒரு பெரியவர் அடித்து நொறுக்கும் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார். சிலர் பார்த்த படத்தின் முடிவில் அந்தப் பெரியவருக்கு மிட்டாய், சிலர் பார்த்ததில் திட்டும் அடியும், மற்றவர்கள் பார்த்ததில் இரண்டும் இல்லை. அப்புறம் பொம்மை இருந்த அறையில் விட்டபோது, அடி வாங்கியதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். சரி, தண்டனை வேலை செய்கிறது என்று இதோடு எழுந்து போயிருக்கலாம், பாண்டுரா போகவில்லை. படத்தில் அந்தப் பெரியவர் செய்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஸ்டிக்கரும் தருவோம் என்றதும் மூன்று குழுவும் ஒரே அளவுக்குச் செய்து காட்டின. 1965-ல் வெளியான இந்த ஆய்வில் என்னை உலுக்கிய இடம் இதுதான். எல்லாக் குழந்தைகளும் கற்றிருந்தார்கள், சிலர் வெளிக்காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அடிப்பதை இன்றோடு விடுங்கள், கோபம் வந்தால் கை நீளலாம் என்பதை அவன் உங்களிடமிருந்தே பார்த்துக் கற்றுக்கொள்கிறான். எறிந்து கேட்டதைக் கொடுக்காதீர்கள், முதலில் சில நாள் இன்னும் அதிகமாக எறிவான், அதற்குப் பயந்து ஒருநாள் கொடுத்து ஒருநாள் மறுத்தீர்களானால் பழக்கம் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எறியாமல் "கோபமா இருக்கு" என்று வாயால் சொன்னால் அந்த நொடியே பாராட்டுங்கள், ராத்திரி வரை தள்ளிப்போட்டால் எதற்கான பாராட்டு என்றே அவனுக்குப் புரியாது.