அந்த அக்கா ஏன் முகாமுக்குப் போகவில்லை?

கேள்வி: அலுவலகம் வழியாக ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறேன். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு 47 வயது. புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்குப் போகும்படி மூன்று முறை சொல்லிவிட்டேன். “எனக்குத் தீனம் (நோய்) ஒண்ணும் இல்லையே” என்கிறார். படிப்பில் முன்னால் நிற்கும் குமரி மாவட்டத்தில் இவ்வளவு அறியாமையா?
— வங்கி ஊழியை, தக்கலை

பதில்: மூன்று முறை சொன்னீர்கள், சரி. அதில் ஒரு முறையாவது “அன்றைக்கு வேலைக்கு வரவேண்டாம், சம்பளத்தில் பிடிக்கமாட்டேன்” என்பதையும் சேர்த்துச் சொன்னீர்களா?

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். பெருமைதான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். 30 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில், வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு. மார்பகப் பரிசோதனை 5.6. கருப்பைவாய்க் கணக்கில் நாட்டின் சராசரி 1.9 என்பதால் நாம் தேறியவர்களாகத் தெரிகிறோம். மீதித் தொண்ணூறு பேரும் கைநாட்டா?

அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிப்பவருக்கு எடைக்குத்தான் கூலி. முகாம் நடப்பதோ காலை பத்து மணிக்கு மேல். அவர் எழுந்து வந்தால் அந்த நேரத்துக் காசு போயிற்று. குளச்சலிலும் முட்டத்திலும் மீன் ஏலம் எடுத்துச் சுமந்து விற்கும் பெண்ணுக்கும் அதுவே வியாபார நேரம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்பில் இருப்பவருக்குக் கீழே இறங்கி வருவதற்கே ஒரு நாள் வேண்டும். பரிசோதனை இலவசம், அதற்குப் போகும் நாள் இலவசமில்லை. நீங்கள் சம்பளத்தோடு போய் வருகிறீர்கள், அவர் சம்பளத்தை விட்டுவிட்டுப் போகவேண்டும்.

அதுவும் ஒரு நாளோடு முடிகிறதா? கருப்பைவாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துக் கண்ணால் பார்ப்பார்கள். வெள்ளையாக மாறினால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சதை எடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள். ஆசாரிப்பள்ளமோ திருவனந்தபுரமோ, பஸ் காசும் துணைக்கு வருபவரின் கூலியும் தனி.

இன்னொன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி வந்து பார்த்துவிடுகிறார்கள். இதற்கு மறைப்பு வேண்டும், படுக்கை வேண்டும், பெண் செவிலியர் வேண்டும். பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடும் முடிந்த பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையம் ஏறக்குறைய மறந்தே போகிறது. ஆனால் 2016-இன் மத்திய அரசு வழிகாட்டுதல், 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. பெண்ணே தன் வீட்டுக் குளியலறையில் மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. சோதனையை (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைக் கண்டறிவது) உலக சுகாதார நிறுவனம் 2021-இலேயே ஏற்றுக்கொண்டது. அண்டி ஆபீஸ் வாசலுக்கு அது வந்தால் எத்தனை பேர் மறுப்பார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை.

“தீனம் ஒண்ணும் இல்லையே” என்று அவர் சொன்னதில் மட்டும் உங்களுக்கு வேலை இருக்கிறது. மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் பார்க்கவேண்டும் என்பதை உட்கார்ந்து பேசிச் சொல்லுங்கள், பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது அல்ல. அடுத்த முகாம் எந்தக் கிழமை என்று விசாரித்து, அன்றைக்குப் பாத்திரத்தை நீங்களே கழுவிக்கொள்ளுங்கள். முடிவு வாங்கப் போகும் நாளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.